இரண்டிரண்டு பேராக

திற்பரப்பு, குலசேகரம், திருவட்டாறு, அருமனை பக்கங்களில் சிறுவர் நடுவிலும் வாலிபர் நடுவிலும் ஊழியம் செய்கிற தம்பி தங்கையருக்கு,



ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், வாலிபர் சங்கச் செயலாளர்கள், மறைக்கல்வி நடத்துகிறவர்கள், மே மாதம் பிறந்தால் விடுமுறை வேதாகமப் பள்ளிக்காக வெயிலில் வீடுவீடாக ஏறி இறங்குகிறவர்கள், சனிக்கிழமை சாயங்காலம் கிட்டாரை எடுத்துக்கொண்டு வந்து நாலு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் என்று உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். சி.எஸ்.ஐ. சபையா, குழித்துறை மறைமாவட்டத்துப் பங்கா, மலங்கரையா, சீரோ மலபாரா, இரட்சணிய சேனையா, பெந்தெகொஸ்தே சபையா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. உங்களில் பலர் என்னிடம் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மற்றவர்களும் ஊர் வழக்கத்தில் என்னை டீச்சர் என்றே கூப்பிடுகிறீர்கள். அந்த உரிமையில் பேசுகிறேன்.

கொஞ்ச நாட்களாக உங்களில் சிலர் தனித்தனியே வந்து ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள்: “போதும்னு தோணுது டீச்சர்.” ஒருவர் கோயில் நடையில் நின்று சொன்னார். ஒரு தங்கை பஸ் வருவதற்குள் அவசர அவசரமாகச் சொன்னாள். இன்னொரு தம்பி வேறெதையோ பேச வந்தவன், எழுந்து போகிற நேரத்தில் சொன்னான். அடுத்த தெருவில், அடுத்த சபையில் இருக்கிற இன்னொருவர் இதையே என்னிடம் சொன்னது உங்களில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது. விடியுமுன் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போய், ஷீட் அடித்து முடித்து, குளித்துவிட்டு ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் முன்னால் சிரித்த முகத்தோடு நிற்கிறவர்கள் நீங்கள். வாரம் முழுவதும் முந்திரி அண்டி ஆபீசில் உட்கார்ந்து விரல் நுனி கறுத்துப்போன பெண்கள், ஞாயிற்றுக்கிழமை அடுப்பை அணைத்த கையோடு வேதாகமத்தை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறீர்கள். சம்பளம் கிடையாது. பாட்டுச் சத்தம் கூடினால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். உங்களை நன்றாகப் புரிந்துகொண்ட போதகருக்கு மாற்றல் வந்துவிடும், புதிதாக வருகிறவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இதெல்லாம் உண்டு. ஆனால் உங்களை உள்ளே அரிக்கிற காரியம் இவற்றில் ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன்.

அது பிள்ளைகளின் போக்கு. நம் மாவட்டத்தில் ஒரு பிள்ளை பிளஸ் டூ முடித்தால் ஊரில் இருப்பதில்லை. நர்சிங் படிக்கப் பெங்களூர், இன்ஜினியரிங் முடித்துச் சென்னை, கொத்து வேலைக்குக் கேரளம், எலெக்ட்ரீஷியன் வேலைக்குக் குவைத், துபாய். எட்டாம் வகுப்பில் கூச்சத்தோடு வந்து நின்ற பையனைப் பாட வைத்து, ஜெபிக்க வைத்து, சிறுபிள்ளைகளுக்கு அவனே பாடம் எடுக்கிற அளவுக்கு வளர்த்து நிறுத்தும்போது, பெட்டியோடு நாகர்கோவிலில் ரயில் ஏறிவிடுவான். மறு ஞாயிறு வருகைப் பதிவேட்டைத் திறந்தால் அவன் பெயருக்கு நேரே காலியிடம். வருஷா வருஷம் இப்படியே நடந்தால் யாருக்கும் கை ஓய்ந்துபோகும். “முப்பது பேர் இருந்தோம், இப்போது பதினொன்று” என்று ஒரு தம்பி கண் கலங்கினான். அந்தப் பத்தொன்பது பேரும் எங்கே என்று கேட்டேன். ஒவ்வொருவராகச் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் மாறியது. ஒருத்தி வேலூரில் நர்ஸ். ஒருவன் ஷார்ஜாவில், வெள்ளிக்கிழமைதோறும் தமிழ் ஆராதனையில் கீபோர்டு வாசிக்கிறான். இரண்டு பேர் சென்னையில் ஒரே அறையில் தங்கி, இரவில் சேர்ந்து ஜெபிக்கிறார்கள்.

தம்பி, உன் வாலிபர் சங்கம் சிறுத்துவிடவில்லை. பல ஊர்களுக்குப் பரவியிருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் வாலிபர் ஊழியம் என்பது பாதி வழியனுப்புகிற வேலைதான். அதை ஏற்றுக்கொண்டு, அந்த வழியனுப்புதலையே ஊழியமாகச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். போகிற பிள்ளையின் கையில் வெறும் வாழ்த்து அட்டையைக் கொடுத்து அனுப்பாமல், போகிற ஊரில் உள்ள ஒரு தமிழ்ச் சபையின் போதகருக்கோ, அங்கே ஏற்கெனவே இருக்கிற நம்மூர் ஆளுக்கோ ஒரு போன் செய்து, “எங்கள் பிள்ளை வருகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். பெருநகரத்தில் பிள்ளைகள் வழி தவறுவது பெரும்பாலும் முதல் சில மாதங்களின் தனிமையில்தான்.

தனிமையில் ஊழியம் செய்வது எவ்வளவு பாரமானது என்பதற்கு நம் மாவட்டத்துப் புராட்டஸ்டண்ட் சபை வரலாற்றின் முதல் பக்கமே சாட்சி. 1806இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே ஐயரை உங்களுக்குத் தெரியும். ஜெர்மன் நாட்டுச் சைலீசியாவில் பிறந்தவர், லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் வந்தவர். மணமாகாதவர். கையில் வருகிற பணத்தையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு எளிமையாக வாழ்ந்தார். பத்து வருஷம் உழைத்தார். அருகில் அவருடைய மொழி பேச, அவருடைய பாரத்தைப் பகிர, உடன் ஊழியராக வேறொரு மிஷனரி இல்லை. உடல் நலம் கெட்டு 1816இல் கப்பலேறினார். அதற்குப் பிறகு அவர் எங்கே, எப்படி மரித்தார் என்பது இன்று வரை தெளிவாகவில்லை. குமரி மாவட்டத்தில் இத்தனை ஆலயங்கள் எழுந்து நிற்கின்றன, அவருக்கு மட்டும் ஒரு கல்லறை இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

ஆனால் அவர் போவதற்கு முன் ஒரு காரியம் செய்தார். மயிலாடி வேதமாணிக்கத்திடம் சபைகளை ஒப்படைத்தார். மகாராசன் என்ற பெயரோடு பிறந்து, தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று, ரிங்கல்தௌபேயை இந்த மண்ணுக்கு அழைத்து வரக் காரணமாக இருந்த அதே வேதமாணிக்கம்தான். 1818இல் மிஷனரி மீட் ஐயர் வந்து சேரும் வரை சபைகளைச் சிதறாமல் காத்தவர் அவர். ரிங்கல்தௌபே மட்டும் இருந்திருந்தால் அவரோடு வேலையும் கப்பலேறிப் போயிருக்கும். வேதமாணிக்கம் இருந்ததால் நின்றது. உங்கள் ஒவ்வொருவரிடமும் நான் கேட்கிற கேள்வி இது: நாளைக்கு உங்களுக்குத் துபாய் விசா வந்தால், கல்யாணமாகி வேறு ஊர் போனால், காய்ச்சலில் ஒரு மாதம் படுத்தால், உங்கள் வேதமாணிக்கம் யார்?

பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தை இந்த வாரம் வாசியுங்கள். எல்லோருக்கும் நல்ல போராட்டம், ஓட்டம் என்ற பகுதி மனப்பாடம். அதற்கு அடுத்த வசனங்களை நாம் பிரசங்கத்தில் கேட்பதே அபூர்வம். அங்கே ஒரு கிழவர் சிறையில் உட்கார்ந்து, துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டு வந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார். புஸ்தகங்களையும் கேட்கிறார். மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு என்கிறார். ஒரு காலத்தில் தான் உடன் கூட்டிப் போக மறுத்த மாற்குவை இப்போது அழைத்து வரச் சொல்கிறார். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசியில் 25க்கும் மேற்பட்ட பேரைப் பெயர் சொல்லி விசாரித்தவர் அவர். அவருக்கே குளிருக்கு ஒரு அங்கியும், பக்கத்தில் இருக்க ஒரு ஆளும் தேவைப்பட்டது. நமக்குத் தேவைப்படுகிறது என்று சொல்ல ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஆண்டவரும் சீஷர்களை ஊர்களுக்கு அனுப்பியபோது இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார். அவர்களோ வெறும் பன்னிரண்டு பேர். தனித்தனியே அனுப்பியிருந்தால் இரட்டிப்பு ஊர்களுக்குப் போயிருக்கலாம். அவர் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

நம் பக்கத்து மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வின் கதையையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 1844 ஜூன் 6ஆம் தேதி லண்டனில் அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ் பெரிய குருவானவர் அல்ல. கிராமத்திலிருந்து வந்து ஒரு துணிக்கடையில் வேலை பார்த்த 22 வயது இளைஞர். நாள் முழுக்கக் கடையில் நின்று, இரவில் கடைக்கு மேலேயே தூங்கி, ஊரையும் வீட்டையும் பிரிந்து கிடந்த தன்னைப்போன்ற பையன்களைக் கூட்டி ஜெபிக்க ஆரம்பித்தார். முதல் நாள் கூடியவர்கள் ஒரு டஜன் பேர். இன்று சென்னையில் ஒரே அறையில் தங்கி ஜெபிக்கிற நம் இரண்டு பையன்கள் அந்த டஜன் பேரின் சொந்தக்காரர்கள்.

1916இல் இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளரான கே.டி.பால், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர், சேலத்துக்காரர். நகரத்து இளைஞரோடு நின்றுவிடாமல் கிராமத்துக்கும் போக வேண்டும் என்று இயக்கத்தைத் திருப்பியவர். அந்த வழியில்தான் 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தினார். ஆன்மா, அறிவு, உடல், சமூக வாழ்வு, பொருளாதாரம் என்ற ஐந்தையும் பிரிக்காமல் சேர்த்துப் பார்த்தார்கள். தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு, கூட்டுறவாக முட்டை விற்பது, கைவேலை, இவற்றோடு விளையாட்டும் வேத பாடமும். இன்று மார்த்தாண்டம் தேன் என்று ஊரெல்லாம் பேர் இருக்கிறதே, அதன் வேர்களில் ஒன்று வாலிபர் ஊழியம் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொன்னோமா? எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது இதுதான்: அந்த மையத்தைச் சுற்றியிருந்த கிராமங்களில் வேலையைத் தாங்கியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். அவர்கள் ஒன்றாகப் பயிற்சி பெற்றார்கள், ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்துக் கற்றார்கள். உங்களைப்போல ஒவ்வொருவரும் தனித்தீவாக இருந்திருந்தால் அது ஒரு பண்ணையோடு முடிந்திருக்கும்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போக்கிரிப் பையன்களால் அலுத்துப்போனவர்கள் உங்களில் அதிகம். டீட்ரிச் போன்ஹோஃபர் நாஜிகளால் 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட இறையியலாளர் என்று மட்டுமே பலர் அறிவார்கள். 1931இல், 25 வயதில், பெர்லினின் ஏழைத் தொழிலாளர் பகுதியில் திடப்படுத்தல் வகுப்பு ஒன்றை அவரிடம் கொடுத்தார்கள். யாருக்கும் அடங்காத ஏறக்குறைய ஐம்பது பையன்கள். முதல் நாள் கூச்சல் அடங்கவே இல்லை. அவர் கத்தவில்லை. சுவரில் சாய்ந்து நின்று, முன்வரிசைக்கு மட்டும் கேட்கிற குரலில் கதை சொல்ல ஆரம்பித்தார். பின்வரிசை தானாக அடங்கியது. பிறகு அந்தப் பகுதியிலேயே ஒரு அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கி, பையன்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து போகும்படி திறந்து வைத்தார். அவரே பிறகு 1935இலிருந்து ஃபின்கன்வால்டேயில் இளம் போதகர்களோடு சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து ஜெபித்து, ஒருவரிடம் ஒருவர் பாவ அறிக்கை செய்கிற ஒரு சமூகத்தை நடத்தினார். 1937இல் ரகசியப் போலீஸ் அதை மூடியது. அந்த அனுபவத்திலிருந்துதான் கிறிஸ்தவக் கூட்டு வாழ்வைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1939இல் வந்தது. ஐம்பது பையன்களைத் தனியே சமாளிக்கத் தெரிந்த மனிதருக்கும் கூடி வாழ ஒரு வட்டம் வேண்டியிருந்தது.

நம் ஊருக்கு வருகிறேன். ஒரே பஸ் ரூட்டில் எத்தனை ஆலயங்கள்! 1996இல் தக்கலை, மார்த்தாண்டம் என்று இரண்டு மறைமாவட்டங்கள் வந்தன. 2014இல் கோட்டாறிலிருந்து குழித்துறை பிரிந்தது. சி.எஸ்.ஐ. சேகரங்கள் வேறு. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இந்தச் சாலையில் இறங்கி நடந்தால் நாலு இடத்திலிருந்து பிள்ளைகளின் பாட்டு கேட்கும். அந்த நாலு இடத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற நாலு பேரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிய மாட்டார்கள். சில இடங்களில் பிள்ளைகளை இழுத்துவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். இங்கே பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை, பிள்ளைகளோடு உட்காருகிற ஆட்களுக்குத்தான் பஞ்சம்.

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது யாரும் சபை கேட்கவில்லை. ரப்பர் மரங்கள் முறிந்து சாலைகளை அடைத்துக் கிடந்தன, வாழைத் தோட்டங்கள் தரையோடு படுத்தன, பல நாள் கரண்ட் இல்லை. அரிவாளும் கோடாலியுமாக வந்த பையன்கள் எந்தச் சங்கம் என்று பார்க்காமல் சேர்ந்து மரம் வெட்டினார்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகளுக்காக எல்லா ஆலயங்களிலும் அழுதார்கள். அந்த நாட்களில் உங்களில் சிலர் முதன்முதலாக ஒருவரையொருவர் சந்தித்தீர்கள். சாலை சரியானதும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

இன்னும் ஒன்று. 1982இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்தைப் பார்த்த தலைமுறை நான். குன்றக்குடி அடிகளார் வந்து இரு தரப்பாரையும் சமாதானப்படுத்தப் பாடுபட்டதையும் கண்டவள். இன்று நீங்கள் வளர்க்கிற பிள்ளைகளுக்கு அதெல்லாம் பாட்டி கதை. மகா சிவராத்திரிக்கு முந்திய நாளிலிருந்து பன்னிரண்டு சிவாலயங்களுக்கு ஓடுகிறவர்கள் முஞ்சிறைத் திருமலையில் கிளம்பி, மூன்றாவதாக நம் திற்பரப்பு மகாதேவர் கோயிலுக்குத்தான் வருகிறார்கள். அவர்களுக்குத் தண்ணீரும் மோரும் கொடுக்க நம் பிள்ளைகள் ஓடிப்போக வேண்டும், அதுவும் நீங்கள் சொல்லாமலே போக வேண்டும். அண்டை வீட்டாரை நேசிக்கிற பிள்ளையை வளர்க்கவும் தனி ஆளால் முடியாது. ஒரு சபை கட்டிய மனத்தை அடுத்த சபை உடைக்கக் கூடாது. அதற்கும் நீங்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும்.

ஓய்வைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ரப்பர் மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது ஏன் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆசைப்பட்டுத் தினமும் வெட்டினால் பால் வற்றி, பட்டை மரத்துப்போகும். மாதத்தில் ஒரு ஞாயிறு உங்கள் வகுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, ஆலயத்தில் உங்கள் வீட்டாரோடு உட்காருங்கள். உங்கள் சொந்தப் பிள்ளை அம்மாவையோ அப்பாவையோ மேடையில் மட்டுமே பார்த்து வளரக் கூடாது.

இருவராக இருங்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. வகுப்பிலும் முகாமிலும் பயணத்திலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள். 2012இல் வந்த போக்சோ சட்டப்படி, ஒரு பிள்ளைக்குப் பாலியல் துன்பம் நேர்ந்தது தெரிந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது நம் கடமை. சபையின் பேர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பது பாவம், குற்றமும்கூட. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வகுப்பறைச் சுவரில் எழுதிப் போடுங்கள். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், ஜெபியுங்கள், உடனே பெற்றோரிடமும் மருத்துவரிடமும் போங்கள், 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். அந்தப் பாரத்தை இரவெல்லாம் தனியே சுமந்துகொண்டு விழித்திருக்காதீர்கள். உங்களில் ஒருத்தி அப்படி விழித்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

போதகர்களும் பங்குத்தந்தையரும் இதை வாசித்தால் அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வருஷத்துக்கு ஒருமுறை சால்வை போர்த்துவதைவிட, மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, “எப்படி இருக்கிறாய்?” என்று கேட்டுவிட்டு, அவர்கள் பேசி முடிக்கும் வரை உட்காருங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு என் வீட்டு முற்றத்தில் கூடுவோம். திற்பரப்பு அருவியில் இருந்து திரும்பும் வண்டிக் கூட்டம் அந்த நேரத்தில் சாலையை அடைக்கும், அதனால் குலசேகரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கொஞ்சம் முன்னதாகவே கிளம்புங்கள். பால்வெட்டுக்காரர்கள் விடியுமுன் எழ வேண்டும் என்பதால் எட்டு மணிக்கு விட்டுவிடுவேன். சொற்பொழிவு கிடையாது. தலைவர், செயலாளர், தீர்மானப் புத்தகம் எதுவும் வேண்டாம். ஒருவர் ஒரு வசனம் வாசிக்கட்டும், அந்த மாதம் நடந்ததை ஒவ்வொருவரும் சொல்லட்டும், சொன்னவருக்காகப் பக்கத்தில் இருப்பவர் ஜெபிக்கட்டும். அங்கே பேசியது அந்த முற்றத்தை விட்டு வெளியே போகக் கூடாது. 1959இல் திருநெல்வேலிப் பக்கத்து வாலிபர்களிடமிருந்து எழுந்த ஃபிரண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட் (எஃப்.எம்.பி.பி.) இயக்கம் வட இந்தியா வரை ஊழியர்களை அனுப்பியது இப்படிப்பட்ட சின்னச் சின்ன ஜெபக்குழுக்களின் பலத்தில்தான். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம், முதலில் அடுத்த தெரு வரை போவோம்.

முதல் கூட்டத்துக்கு வரும்போது உங்களோடு இன்னொருவரையும் கூட்டி வாருங்கள், முடிந்தால் வேறு சபைக்காரரை. பத்துப் பேருக்கு மரச்சீனியும் மீன்கறியும் கட்டன்காப்பியும் நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு மேல் ஆள் வந்தால் அருமனைப் பிள்ளைகள் தேங்காய்ச் சம்மந்தி அரைத்துக் கொண்டு வாருங்கள். பாய் இரண்டு குறைவாக இருக்கிறது, யார் வீட்டிலாவது இருந்தால் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
திற்பரப்பு